எபிசோட் 41: டைட்டானியம் ஹார்ட்டெயில், 29 அங்குலச் சக்கரம், ரெண்டு பெட்டி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்திப் பேசிட்டு இருந்தப்போ, போற போக்குல "நான் ஒரு சைக்கிள் கட்டிட்டு இருக்கேன்"னு ஒரு வார்த்தை விட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி அந்த சைக்கிள் பத்தித்தான். அதுல முக்கால்வாசி ஒரே கேள்வி: "அந்தக் காசுக்கு முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன் வச்ச ரெடிமேட் மலை சைக்கிளே கிடைக்குமே, எதுக்குப்பா இந்த வேலை?"

நியாயமான கேள்விதான். இன்னைக்கு முழு எபிசோடும் அதுக்கான பதில். கோடு, சர்வர் எதுவும் கிடையாது. ஆனா கொஞ்சம் கணக்கு இருக்கு.

முதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன். டைட்டானியம் ஃப்ரேம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க், 130 மி.மீ. அமுங்கும். பின்னாடி சஸ்பென்ஷன் இல்ல. பின்பக்கம் விறைப்பா இருக்குறதாலதான் ஹார்ட்டெயில்னு பேரு. சக்கரம் 29 அங்குலம். ஃப்ரேமை என் அளவுக்கு வரைஞ்சு, சீனாவுல ஒரு சின்னப் பட்டறையில வெல்டு பண்ணி வரவச்சேன். மத்ததெல்லாம் என் அபார்ட்மெண்ட் பால்கனியில நானே பூட்டினேன். மொத்தம் 12 கிலோ சொச்சம்.

வண்டிக்கு முன்னாடி ஒரு விதி

எதை வாங்குறது, எதை விடுறதுன்னு முடிவு பண்ண எனக்கு ஒரே ஒரு விதிதான். இந்த வண்டி ரெண்டு பெட்டியில அடங்கணும், கோயம்புத்தூர்ல வச்சு ரிப்பேர் பண்ண முடியணும்.

காரணம் உங்கள்ல பல பேருக்குத் தெரியும். நான் கலிஃபோர்னியாவுல எச்-1பி விசாவுல இருக்கேன். வேலை போனா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி கிடைக்கணும், இல்ல விசா வகையை மாத்தணும், இல்ல கிளம்பணும். போன வருஷம் என் டீம்ல ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு ஒரே காலையில மெயில் வந்துச்சு. அதுல ஒருத்தர் என்னோட சனிக்கிழமை சைக்கிள் ஓட்டுறவர். அவர்கிட்ட இருந்தது கார்பன் ஃப்ரேம், ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன், பேட்டரில கியர் மாறும். அருமையான வண்டி. அஞ்சாவது வாரம் அதை வாங்கின விலையில பாதிக்கும் கம்மியா வித்துட்டுப் போனார். "ஊர்ல இதுக்கு ஷாக் சர்வீஸ் பண்ண ஆள் தேடணும், பேரிங் வரவைக்கணும், யாரால முடியும்"னு சொன்னார். வண்டி மேல அவருக்கு எவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியும்.

அதனால நான் யோசிச்சது இதுதான்: எனக்கு எவ்வளவு நாள் இந்த ஊர்னு தெரியாது. ஆனா 20 வருஷம் ஓட்டுற மாதிரி ஒரு பொருள் வேணும். அந்த ரெண்டும் சேரணும்னா வண்டி எளிமையா இருக்கணும். பின்னாடி ஷாக் இல்லன்னா அதோட பேரிங், லிங்க், சீல் எதுவும் இல்ல. ஹார்ட்டெயில்ங்கிற முடிவு அங்கேயே வந்துடுச்சு.

26 எங்கிருந்து வந்துச்சு?

இப்போ சக்கரம். மலை சைக்கிள்னாலே ரொம்ப காலம் 26 அங்குலம்தான். ஏன் 26? யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு பண்ணினாங்களான்னா, இல்ல.

1970-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டில சில பசங்க பழைய ஷ்வின் சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிட்டுப் போய் கீழே விட்டுட்டு இருந்தாங்க. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, டாம் ரிச்சி எல்லாம் அந்தக் காலத்துப் பேருங்க. அவங்க ஓட்டின பழைய வண்டிகள் போருக்கு முந்தின காலத்து பலூன் டயர் சைக்கிள். ஷ்வின் 1933-ல பசங்க சைக்கிளுக்குன்னு கொண்டு வந்த டயர் அளவு 26-க்கு 2.125. கரடுமுரடான பாதைக்கு ஏத்த தடிமனான டயர் அந்த அளவுலதான் கிடைச்சுது. 1977-ல ஜோ பிரீஸ் மலைக்குன்னே முதல் ஃப்ரேம் செஞ்சப்போ அதே அளவுதான். டயர் இருந்ததால ரிம், ரிம் இருந்ததால ஃபோர்க், ஃபோர்க் இருந்ததால ஃப்ரேம். அப்படியே 30 வருஷம் ஓடிடுச்சு. சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இது பழக்கமான கதைதான். யாரோ ஒரு நாள் கையில இருந்ததை வச்சு எழுதின ஃபார்மேட், அப்புறம் உலகமே அதுக்கு மேல வீடு கட்டிடும்.

பெரிய சக்கரத்தை முயற்சி பண்ணினவங்களும் இருந்தாங்க. இங்கிலாந்துல ஜெஃப் ஆப்ஸ், ஃபின்லாந்துல பனிக்காகச் செஞ்ச டயர்களைப் போட்டு 80-கள்லயே ஓட்டிப் பார்த்தார். ஆனா டயர் சப்ளை நிலையா இல்ல. 1999-ல டபிள்யூடிபி கம்பெனி நானோராப்டர்னு ஒரு 29 அங்குல டயர் விட்டப்புறம்தான் கதவு திறந்துச்சு. 2000-களின் தொடக்கத்துல கேரி ஃபிஷர் பேர்ல வந்த வண்டிகள் அதைக் கடைக்குக் கொண்டு வந்துச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் மலை சைக்கிள் போட்டியில குல்ஹாவி 29-ல தங்கம் வாங்கினார். ஒரு கட்டை விரல் அளவு சின்னதான 27.5-ல ஷுர்ட்டர் வெள்ளி. நாலு வருஷம் கழிச்சு ரியோவுல அதே ஷுர்ட்டர் 29-ல வந்து தங்கம் வாங்கினார். 26 பத்தி அப்போ யாரும் பேசவே இல்ல.

இன்னொரு விஷயம். 29 அங்குலம்னா ரிம் 29 அங்குலம் இல்ல. டயர் உட்கார்ற இடத்துல ரிம்மோட விட்டம் 622 மி.மீ. ரோடு சைக்கிள்ல 700சி-ன்னு சொல்றோமே, அதே ரிம் அளவு. அதுக்கு மேல 58 மி.மீ. உயரமான டயர் ரெண்டு பக்கமும் சேர்த்தா 738 மி.மீ., அதாவது 29 அங்குலம். பழைய 26-க்கு இந்த விட்டம் 559.

நம்ம ஊர்ல தாத்தா ஓட்டின பெரிய சைக்கிள் ஞாபகம் இருக்கா? சீட்டுக்கு கால் எட்டாம பாருக்கு கீழ காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டோமே, அது. அதோட டயர் 28-க்கு ஒன்றரை. அந்த ரிம்மோட விட்டம் 635 மி.மீ. என் மலை சைக்கிளை விடப் பெருசு! டயர் ஒல்லியா இருக்கறதால மொத்த உயரம் மட்டும் கம்மி. வண்டிப்பாதையில, வரப்பு ஓரத்துல, பின்னாடி ஒரு மூட்டையோட அது ஏன் அவ்வளவு நல்லாப் போச்சுங்கிறதுக்கு அந்தச் சக்கரமும் ஒரு காரணம்.

பெரிய சக்கரம் உண்மையிலேயே என்ன தருது?

விளம்பரத்துல "பெரிய சக்கரம் எதையும் உருட்டிட்டுப் போகும்"னு சொல்வாங்க. அது எவ்வளவு தூரம் உண்மைன்னு பார்க்க ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. 10 செ.மீ. உயரமான ஒரு கல். சக்கரம் அதைத் தொடும்போது, தொடுற இடம் எவ்வளவு செங்குத்தா இருக்குன்னு பார்க்கணும். 26-க்கு கிட்டத்தட்ட 46 டிகிரி. 29-க்கு 43 டிகிரி. வித்தியாசம் மூணு டிகிரிக்கும் கம்மி. பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ஒரு இறக்கத்துல நூத்துக்கணக்கான கல்லு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கம்மியா முட்டுது, கொஞ்சம் கம்மியா வேகம் போகுது. குழியில அதுக்கு மேல: சின்னச் சக்கரம் உள்ளே விழுற குழியைப் பெரிய சக்கரம் விளிம்புலயே தாண்டிடும்.

பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்கு இது இன்னும் முக்கியம். ஷாக் செய்ய வேண்டிய வேலையில ஒரு பகுதியைச் சக்கரமும் டயரும்தான் செய்யணும்.

சும்மா கிடைக்கல. ரிம்மும் டயரும் சுமார் 11 சதவீதம் நீளம், அதனால அந்த அளவுக்கு எடை கூடுது. "சுழல் நிலைமம் 38 சதவீதம் கூடுது, அதனால வண்டி கிளம்பவே கிளம்பாது"ன்னு ஒரு வாதம் அடிக்கடி கேட்பீங்க. 38 சரியான எண்தான். ஆனா பெரிய சக்கரம் அதே வேகத்துக்கு மெதுவாத்தான் சுத்தணும். ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தா, வண்டியைக் கிளப்புறதுக்கான கூடுதல் சுமை அந்த 11 சதவீதம் எடை மட்டும்தான். அதுவும் ரிம், டயரோட எடைக்கு. மொத்த வண்டிக்கு இல்ல. வித்தியாசம் தெரியறது வளைவுல. ஒரே வேகத்துல சக்கரத்தைச் சாய்க்க 24 சதவீதம் கூடுதலா அடம் பிடிக்கும். குறுகலான எஸ் வளைவுல தோளைப் போட்டுச் சாய்ச்சாத்தான் திரும்பும். நான் 5 அடி 8. அஞ்சடிக்குக் கொஞ்சம் மேல உயரம் இருக்கறவங்களுக்கு 27.5 இன்னும் நல்ல தேர்வா இருக்கலாம்.

டைட்டானியம்: உண்மையும் பில்டப்பும்

டைட்டானியத்தைப் பத்தி முதல்ல ஒரு கட்டுக்கதையை உடைக்கணும். "டைட்டானியம் அதிர்வை உறிஞ்சிடும், வெண்ணெய் மாதிரி போகும்"னு சொல்றாங்க. முக்கோண வடிவத்துல கட்டின ஃப்ரேம் மேலிருந்து கீழா ரொம்பக் கொஞ்சம்தான் வளையும். அதே நேரத்துல 20-ஐத் தாண்டாத பி.எஸ்.ஐ. காத்து இருக்குற தடிமனான டயர் செ.மீ. கணக்குல அமுங்கும். சொகுசு வேணும்னா நல்ல டயர் வாங்குங்க, காத்தைச் சரியா வைங்க. அதுக்கு டைட்டானியம் தேவையில்ல.

அப்போ எதுக்கு? மூணு காரணம். ஒண்ணு, துரு பிடிக்காது. பெயின்டே வேண்டாம். பெட்டியில போட்டு உருட்டினாலும் கீறலைத் தேய்ச்சு விட்டாப் போச்சு. ரெண்டு, எடை. ஒரு கன செ.மீ. 4.5 கிராம். ஸ்டீல் 7.8, அலுமினியம் 2.7. மூணு, களைப்பு. மனுஷக் களைப்பு இல்ல, உலோகக் களைப்பு. அலுமினியத்துல சின்னச் சின்ன அழுத்தம்கூட லட்சக்கணக்குல சேர்ந்து ஒரு நாள் விரிசலாகும். டைட்டானியமும் ஸ்டீலும், ஒரு அளவுக்குக் கீழே அழுத்தம் இருந்தா ரொம்ப ரொம்ப நாள் தாங்கும். ஆனா டைட்டானியத்தோட விறைப்பு ஸ்டீல்ல பாதிதான். அதனால குழாய் விட்டம் பெருசா வேணும். ஸ்டீல் ஃப்ரேம் மாதிரி ஒல்லியா செஞ்சா வண்டி நெளியும்.

சைக்கிள்ல பெரும்பாலும் பயன்படுறது 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம் கலந்த குழாய். விமானத்துல ஹைட்ராலிக் எண்ணெய் போற குழாய்க்காக வந்த கலவை. 80-களின் பிற்பாதியில மாசசூசெட்ஸ்ல மெர்லின் மாதிரி கம்பெனிகள் அதை மலை சைக்கிளுக்குக் கொண்டு வந்தாங்க.

விலை ஏன் அதிகம்? மண்ணுல பஞ்சம் இல்ல. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இல்மனைட் எடுக்கறாங்களே, அது டைட்டானியத்தோட தாதுதான். ஆனா தாதுவுல இருந்து உலோகத்தைப் பிரிக்கறதுதான் பாடு. முதல்ல குளோரைடா மாத்தி, அப்புறம் மெக்னீசியம் வச்சுப் பிரிக்கணும். அதுக்குப் பேர் கிரோல் முறை. நிறைய மின்சாரம், நிறைய நேரம்.

அடுத்தது வெல்டிங். இங்கதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கு, கவனமாக் கேளுங்க. சூடான டைட்டானியம் காத்துல இருக்குற ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கும். உறிஞ்சினா கண்ணாடி மாதிரி நொறுங்குற குணம் வந்துடும். அதனால வெல்டு பண்ணும்போது வெளியில மட்டும் இல்ல, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயு ஓடணும். உள்ளே ஆர்கான் விடாம வெளிப்பக்கம் அழகா காசு அடுக்கின மாதிரி வெல்டு போட முடியும். போட்டோவுல பிரமாதமா இருக்கும். ஹேண்டில் பக்கத்துல அது விட்டுப்போச்சுன்னா, நீங்க 40 கி.மீ. வேகத்துல இறங்கும்போது விடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட டைட்டானியம் ஃப்ரேம் சீட் குழாய் சேர்ற இடத்துல விரிசல் விட்டுச்சு. நல்லவேளை, கழுவும்போது பார்த்துட்டார். வித்தவங்க "வாழ்நாள் உத்தரவாதம்"னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. மூணு மெயிலுக்கு அப்புறம் பதிலே இல்ல. வாழ்நாள்னா யாரோட வாழ்நாள்னு முதல்லயே கேட்டுக்கணும்.

அதனால ஃப்ரேம் வந்த அன்னைக்கு நான் செஞ்ச முதல் வேலை, போன்ல மாட்டுற குழாய் கேமராவை சீட் குழாய் வழியா உள்ளே விட்டுப் பார்த்தது. 20 டாலருக்குக் கிடைக்கும். உள்ளே வெல்டுக்குப் பின்னாடி நிறம் வெள்ளி மாதிரியோ லேசான வைக்கோல் நிறமோ இருந்தா நல்லது. நீலம், ஊதான்னா ஆர்கான் போதல. சாம்பல் நிறத்துல, சுண்ணாம்பு மாதிரி பொடியா இருந்தா அந்த ஃப்ரேமை ஓட்டாதீங்க, திருப்பி அனுப்புங்க. வெளிப்பக்க நிறத்தை பிரஷ் போட்டு அழிச்சிடலாம். உள்ளே போய் யாரும் அழிக்க மாட்டாங்க. என்னோடது வைக்கோல் நிறத்துல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன்.

வரைபடத்துல நடந்த சண்டை

அளவு கொடுத்ததும் பட்டறையில இருந்து வரைபடம் வரும். நாம ஓகே சொன்னப்புறம்தான் குழாய் வெட்டுவாங்க. அதனால கோடு ரிவ்யூ மாதிரி ஒவ்வொரு எண்ணையும் பார்க்கணும்.

பெரிய சக்கர ஹார்ட்டெயில்ல ரொம்ப நெருக்கடியான இடம் பெடல் அச்சுக்குப் பின்னாடி. அங்க ஒரு பக்கம் டயர், இன்னொரு பக்கம் செயின் ஓடுற பல்சக்கரம், நடுவுல ஃப்ரேமோட கீழ்க்குழாய் நுழைஞ்சு போகணும். 2.4 அங்குல டயர்னா நடுக்கோட்டுல இருந்து 30 மி.மீ. வரை டயர். சேறு போக 6 மி.மீ. விட்டா 36. பல்சக்கரம் இருக்குறது 52 மி.மீ.ல. அதோட தடிமனும் உரசாம இருக்க இடைவெளியும் கழிச்சா 47. மிச்சம் 11 மி.மீ. அதுக்குள்ள 22 மி.மீ. குழாய் எப்படிப் போகும்? போகாது. வந்த வரைபடத்துல குழாயை நசுக்கி, டயர் பக்கம் 3 மி.மீ. மட்டும் விட்டிருந்தாங்க. மரின்ல மழைக்காலத்துக் களிமண் 3 மி.மீ.ல ஒரு நிமிஷத்துல அடைச்சுக்கும். அப்புறம் டயர் ஃப்ரேமை அறுக்கும். நாலு மெயில் போச்சு. கடைசியில அந்த இடத்துல குழாய்க்குப் பதிலா கடைஞ்செடுத்த ஒரு தகடு வச்சாங்க, பின்பக்கத்தை 430-ல இருந்து 435 மி.மீ.க்கு நீட்டினாங்க. பிரச்சினை தீர்ந்துச்சு.

இன்னொண்ணு முன் ஃபோர்க்கோட சாய்வு. ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்குற வண்டியில நீங்க ஏறி உட்கார்ந்தா முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கும். சாய்வு பெருசா மாறாது. ஹார்ட்டெயில்ல முன்பக்கம் மட்டும் இறங்கும். 130 மி.மீ. ஃபோர்க் கால் பங்கு அமுங்கினா சாய்வு ஒன்றரை டிகிரி நிமிர்ந்துடும். அதனால பேப்பர்ல 65.5 டிகிரின்னா பாதையில 67. ரெடிமேட் வண்டியோட எண்ணைப் பார்த்து ஹார்ட்டெயிலுக்கு அப்படியே காப்பி அடிச்சா இறக்கத்துல பயம் காட்டும்.

அப்புறம் "ஸ்டாண்டர்டு" பஞ்சாயத்து. டைட்டானியம் 30 வருஷம் நிக்கும். ஆனா பின்சக்கர அச்சோட அகலம் 135, அப்புறம் 142, அப்புறம் 148-ன்னு மாறிட்டே இருக்கு. ஃப்ரேம் நல்லா இருக்கும், மாட்ட சக்கரம் கிடைக்காது. அதனால அச்சு உட்கார்ற துண்டைத் தனியா போல்ட்டுல கழட்டுற மாதிரி வச்சேன். நாளைக்கு அகலம் மாறினா அந்தத் துண்டை மட்டும் மாத்தலாம். பெடல் அச்சு மரையாணி வகை, அழுத்திப் பொருத்துற வகை இல்ல. கியர் கேபிள்ல ஓடும், பேட்டரி இல்ல. கேபிள் ஃப்ரேமுக்கு வெளியிலயே போகும். எந்த ஊர்லயும் ஒரு கேபிள் கிடைக்கும்.

"அப்போ ஸ்டீலே எடுத்திருக்கலாமே, ஊர்ல யார் வேணா வெல்டு வச்சுத் தருவாங்களே?"ன்னு கேட்கலாம். இந்த வாதத்துல பாதி உண்மை. டைட்டானியம் விரிசல் விட்டா கோயம்புத்தூர்ல ஆர்கான் உள்ளே விட்டு வெல்டு வைக்கிற ஆளைத் தேடித்தான் போகணும். ஆனா மலை சைக்கிளுக்கான நல்ல ஸ்டீல் குழாய் ஒரு மி.மீ.க்கும் கம்மியான தடிமன். அதையும் கேட் கதவு பத்த வைக்கிற இடத்துல கொடுக்க முடியாது. எடை, துரு ரெண்டையும் வச்சு நான் டைட்டானியம் பக்கம் சாய்ஞ்சேன். கையில காசு கம்மின்னா ஸ்டீல் ஹார்ட்டெயில் எடுங்க. 90 சதவீதம் இதே வண்டிதான்.

பூட்டினது

சக்கரத்தை நானே கோத்தேன். ஒவ்வொண்ணுக்கும் 32 கம்பி. ஊர்ல சைக்கிள் கடையில அண்ணன் சக்கரத்தைச் சுத்தி விட்டு, சாக்பீஸைப் பக்கத்துல பிடிச்சுக் கோட்டம் எடுப்பாரே, அதே வேலைதான். பாலோ ஆல்டோவுல இருந்த ஜாப்ஸ்ட் பிராண்ட்னு ஒரு இன்ஜினியர் 1981-ல சைக்கிள் சக்கரத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல முக்கியமான விஷயம்: நம்ம எடையைத் தாங்கறது கீழ்க் கம்பிகள்தான். அதுங்க முறுக்கா இழுத்துக் கட்டியிருக்கும். எடை வந்ததும் அந்த இழுப்பு கொஞ்சம் குறையுது, அவ்வளவுதான். இழுப்பு முழுசாப் போனா கம்பி தளர்ந்து, அப்புறம் உடையும். அதனால எல்லாக் கம்பியும் சமமா, போதுமான இழுப்புல இருக்கணும். எனக்கு முதல் சக்கரத்துக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, ரெண்டாவதுக்கு மூணு மணி நேரம்.

டைட்டானியத்துல போடுற ஒவ்வொரு மரைக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவணும். இல்லன்னா உலோகம் உலோகத்தைக் கவ்விக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். அலுமினிய சீட் கம்பிக்கும் அதே. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைச்சுத் திரும்பப் போடுங்க.

பெட்டிக் கணக்கும் சொல்லிடறேன். விமானத்துல சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் கூட்டினா 158 செ.மீ. டயரைக் கழட்டின 29 சக்கரம் சுமார் 64 செ.மீ. அப்போ 66-க்கு 66-க்கு 26 பெட்டியில ரெண்டு சக்கரமும் சரியா உட்காரும். கூட்டிப் பாருங்க, 158. ஃப்ரேமும் ஃபோர்க்கும் ரெண்டாவது பெட்டி. அது நீளம் ஜாஸ்தி, கூடுதல் கட்டணம் கட்டணும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாக் கழட்டி அடுக்கிப் பார்த்தேன். ரெண்டு மணி நேரம். ரெண்டுமே 23 கிலோவுக்குள்ள.

ஓட்டினது

முதல் நீண்ட சவாரிக்கு எங்க போறதுன்னு யோசிக்கவே இல்ல. ஃபேர்ஃபாக்ஸ். மரின் பசங்க 1976 அக்டோபர்ல ரேஸ் விட ஆரம்பிச்ச மலைப்பாதை அந்த ஊருக்கு மேற்கே இருக்கு. பேரு ரீபேக். சுமார் 3 கிலோமீட்டர்ல 400 மீட்டர் இறக்கம். பழைய வண்டியோட கோஸ்டர் பிரேக் ஒரே இறக்கத்துல சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாப் போயிடும். கீழே வந்து திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதுதான் ரீபேக். கேரி ஃபிஷரோட சாதனை 4 நிமிஷம் 22 விநாடி.

பைன் மவுன்டன் பக்கம் ஏறி, ஜெரோனிமோ முகட்டு வழியா அங்க போய்ச் சேர்ந்தேன். ஏத்தத்துலதான் ஹார்ட்டெயில் சந்தோஷம் தெரியும். பின்னாடி எதுவும் ஆடாது, மிதிக்கிறது அப்படியே சக்கரத்துக்குப் போகும். முன்னாடி 30 பல், பின்னாடி பெருசு 51. ஒரு சுத்துக்கு 1.36 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு 5 கி.மீ. நடக்குற வேகம்தான், ஆனா கல்லுமேல இறங்காம ஏறிடலாம்.

இறக்கத்துல உண்மையைச் சொல்லணும். பின்சக்கரம் ஒவ்வொரு கல்லையும் காலுக்குச் சொல்லிட்டே வரும். குதிகாலை இறக்கி, முட்டியை மடக்கி வச்சா அந்த முட்டிதான் ஷாக். மேடு பள்ளமான இடத்துல பிரேக் பிடிச்சா பின்சக்கரம் துள்ளும். தரையில இல்லாத சக்கரம் பிரேக் பிடிக்காது. அதனால பிரேக்கை வழவழப்பான இடத்துல முன்கூட்டியே பிடிச்சு, கல்லுல விட்டுடணும். எங்க போகணும்னு கண்ணால தேர்ந்தெடுத்தே ஆகணும். ஒன்றரை மணி நேரத்துல தொடை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. அதே பாதையை ஃபுல் சஸ்பென்ஷன்ல வந்தவர் என்னைத் தாண்டிப் போனார், முகத்துல ஒரு வேர்வை இல்ல.

அங்க இன்னொண்ணும் கவனிச்சேன். மலை சைக்கிள் பிறந்த இந்த மலைகள்லயே, குறுகலான ஒத்தையடிப் பாதைகள்ல பெரும்பாலானதுல சைக்கிளுக்கு அனுமதி இல்ல. தீயணைப்பு வண்டி போற அகலப் பாதைதான். வேகம் மணிக்கு 15 மைல், அதாவது 24 கி.மீ. நடக்கறவங்க, குதிரையில வர்றவங்க எல்லாருக்கும் அது மலை. ஆள் வந்தா வேகத்தைக் குறைச்சு, குரல் கொடுத்து, வழிவிட்டுப் போங்க. நாம ஒருத்தர் செய்யற அடாவடிக்கு இன்னும் பத்துப் பாதை மூடுவாங்க.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

வேகமா இறங்கணும், பெரிய குதி குதிக்கணும்னா ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குங்க. முதுகுல பிரச்சினை இருந்தா கண்டிப்பா அதுதான். இப்போதான் ஆரம்பிக்கிறீங்கன்னா ஒரு அலுமினிய ஹார்ட்டெயில் செகண்ட் ஹேண்ட்ல எடுத்து ஒரு வருஷம் ஓட்டுங்க. எனக்கு ஃப்ரேம் மட்டும் 1,600 டாலர், மொத்தம் 4,000-ஐத் தாண்டிடுச்சு. முதல் வண்டிக்குப் போடுற காசு இல்ல இது.

ஒரே வண்டி, நீண்ட காலம், நானே பார்த்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சரி. எனக்கு இதுல பிடிச்சது, இந்த வண்டியில என்னால கழட்டத் தெரியாத பாகம் ஒண்ணே ஒண்ணுதான், ஃபோர்க்கோட உள்பக்க டேம்பர். அதையும் இந்தக் குளிர்காலத்துல கத்துக்கலாம்னு இருக்கேன்.

விசா கதை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது. அது என் கையில இல்ல. பெட்டி ரெண்டும் கட்டிலுக்கு அடியில மடிச்சு வச்சிருக்கேன். வண்டி பால்கனியில நிக்குது, சனிக்கிழமை ஓட்டப் போறேன்.

வீல் கட்டறது பத்தித் தனியா ஒரு எபிசோட் வேணும்னா சொல்லுங்க. கம்பி நீளம் கணக்குப் போடற சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், அதையும் அதுல விளக்கறேன். அடுத்த வாரம் பழையபடி டேட்டாபேஸுக்குத் திரும்பிடலாம். ஹெல்மெட் போட்டுக்கங்க.